கயிறு அவிழ்க்கிற புதன்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு வரை போனேன், கணக்கில் தேறவில்லை. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதுவும் எழுதினதில்லை. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. பந்தியில் இலையில் சாம்பார் விழாமல் போனால் கேட்காமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிற ஆள் நான். இப்படிப்பட்டவன் எழுதலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் தேடி அலைந்தபோது இந்த மலையிலிருந்து ஒருத்தராவது போய்வந்து சொல்லியிருந்தால் அந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அரியூர் நாட்டுப் பக்கம் குடியை நிறுத்த வேண்டுமென்றால் முனியப்பன் கோயிலில் கயிறு கட்டுவோம். இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவார். அந்தக் கெடு முடிகிறவரை எவனும் நம்மைக் கூப்பிடமாட்டான். கயிற்றைப் பார்த்ததும் கிளாசை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிடுவான். கயிற்றோடு குடித்தால் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது பயம். கெடு முடிந்த அன்று கோயிலுக்குப் போய், தேங்காய் உடைத்து, கயிற்றை அவிழ்த்துச் சூலத்தில் கட்டிவிட வேண்டும். அவிழ்க்காமல் விடுவதும் குற்றம்தான். சாமியிடம் சொன்ன நாளைச் நாமே மாற்றினது போல ஆகிவிடும்.

மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பூசாரி அமாவாசையில்தான் கட்டுவார். கெடு எந்த நாளில் முடிந்தாலும் அமாவாசை வரை வெறுங்கைதான். நான் விழுவதெல்லாம் அந்த இடைவெளியில்தான். மாதக்கணக்கில் சொட்டுக்கூடத் தொடாதவன், அவிழ்த்த அன்று மத்தியானமே தொடங்கி, அமாவாசையில் நிற்கக்கூட முடியாமல் போய்க் கையை நீட்டுவேன். ஒருமுறை அமாவாசையையும் தாண்டிப் போய்விட்டது. அந்தத் தடவை அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார்.

கயிறு அவிழ்க்கிற வாரம் வந்தால் என் மனைவி அரிவாள், கொடுவாள் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். நான் யாரையும் வெட்டினவன் இல்லை. அவளும் அப்படிச் சொன்னதில்லை. கேட்டால், "சாணை புடிக்கக் குடுத்திருக்கறனுங்க" என்பாள்.

இந்தத் தடவை ஆடியில் கட்டினது, மாசியில் ஒரு புதன்கிழமை கெடு. தை பிறந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிளகு பறிக்க ஏணியைச் சாய்த்துவிட்டு ஏறாமல் நிற்பேன். ஒரு வேலையைத் தொட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவேன். சோற்றில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். கயிறு என்னைக் காப்பதாக ஊர் நினைத்தது. எனக்கோ அது நாள் எண்ணிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது.

என்னோடு சேர்ந்து கயிறு கட்டினவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. சேர்ந்து கட்டினவர்கள் சேர்ந்துதான் அவிழ்க்க வேண்டும், அவிழ்த்ததும் சேர்ந்துதான் குடிக்க வேண்டும் என்பது ஆண்களாகப் போட்டுக்கொண்ட வழக்கம். அவனுக்கு என்னைப்போலப் பயம் எதுவும் கிடையாது. அவனுக்குக் கயிறு என்பது லீவு மாதிரி.

"மாமா, புதன்கிழமைக்கு முட்டை சொல்லிட்டேன். அவிச்சதா, பொரிச்சதா?"

"இன்னும் எத்தனை நாள் கெடக்குது மாப்ள."

"அதெல்லாம் ஓடியே போயிரும். உங்க கயிறு ஏன் மாமா இப்படிக் கருத்துப்போச்சு? சாமிக்கே உங்களைப் பார்த்தா சந்தேகம் வரும்."

அந்த நாட்களில்தான் எங்கள் காட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு லோடு ஏற்றினோம். கிழங்கு ஏற்றி முடித்ததும் வியாபாரி ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பது இங்கே கூலியோடு சேர்ந்தது. நான் கையைக் காட்டினேன், வியாபாரி விட்டுவிட்டார். லாரி டிரைவரும் வேண்டாம் என்றார். அவர் கையில் கயிறு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற சாக்கில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்களுக்குக் கெடு எப்பங்க?"

"கெடுவா? என்ன கெடு?"

"கயிறு."

"கயிறெல்லாம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் உக்காந்துட்டு வாரேன். குடியை உட்டவங்க, உடப் பாக்கறவங்க, கொஞ்சப் பேரு இருக்கறோம். சேந்தமங்கலத்துல ஒரு உரக்கடை மேல, மாடியில."

"என்ன பண்ணுவாங்க அங்க?"

"பேசுவோம். டீ குடிப்போம்."

இவ்வளவுதானா என்று கேட்க நினைத்தேன். வியாபாரி வந்துவிட்டார். டிரைவர் ஏறி உட்கார்ந்துகொண்டு, "யாருகிட்டயும் கேக்க வேண்டாம். நேரா படியேறிருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்வலி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. சேந்தமங்கலத்தில் இறங்கிப் பார்த்தால் மாடியோடு இரண்டு மூன்று உரக்கடைகள் இருந்தன. கேட்க வாய் வரவில்லை. கேட்டால் என்னவென்று கேட்பது? ஒரு கடையில் தேவையில்லாமல் சீப்பு வாங்கினேன். இன்னொரு கடையில் பல்பொடி. கடைசியில், இரண்டு பேர் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாடிப்படியைப் பார்த்து, பேசுகிற இடம் மாதிரி இருக்கிறதே என்று ஏறிவிட்டேன்.

உள்ளே நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் கவலை. சரியான இடம்தான் என்று நினைத்தேன். ஒரு பெரிய அம்மா மேசைக்குப் பின்னால் இருந்து, "வாங்க, உக்காருங்க. பொண்ணா, பையனா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நான்தானுங்க" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டாந்தாரமா?"

பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அது கல்யாணத் தகவல் நிலையம். எழுந்து வந்திருக்கலாம். அதற்கும் கூச்சம். பையனுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பையனே கிடையாது. ஒரே பெண், அவளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பையன் என்ன படித்திருக்கிறான், என்ன வேலை, காடு எவ்வளவு என்று அந்த அம்மா கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். அவனுக்கு நல்ல வேலையாகப் போட்டுக்கொடுத்தேன்.

"குடி கிடி உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். எனக்கு வியர்த்துவிட்டது.

"ஜாதகம் எங்கீங்க?"

"ஊட்டுல இருக்குதுங்க. எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தவன் படியில் நிற்காமல் இறங்கிப் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றேன். அன்று அப்படியே திரும்பிவிட்டேன். பல் எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டாள். பல்பொடியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வாரம் மறுபடியும் கிழங்கு லோடுக்கு டிரைவர் வந்தபோது சொன்னேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு, "அடுத்த ஞாயிறு நான் கீழ டீக்கடையில நிக்கறேன். நீங்க வந்தாப் போதும்" என்றார்.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது. இந்தத் தடவை தயாராகப் போனேன். வெற்றிலை பாக்கு, கற்பூரம், கோயில் வாசல் கடையில் வாங்கின புதுக் கயிறு எல்லாம் ஒரு பையில். இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் குடியை நிறுத்துகிறார்கள் என்றால் அங்கே கயிறு கட்டாமல் எப்படி நிறுத்துவார்கள்? நாள் கிழமை பார்க்காமல் கட்டுவார்களாக இருக்கும், அதனால்தான் டிரைவர் கெடு இல்லை என்கிறார், அவருக்கு ஆயுள் கயிறாகக் கட்டி எங்கேயோ உள்ளே மறைத்திருப்பார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

டிரைவர் கூட்டிக்கொண்டு போன அந்த மாடி மற்ற நாளெல்லாம் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூட்டத்துக்கு விடுவார்கள். மெஷின்களை உறை போட்டு மூடிச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கீழே இருந்து யூரியா நெடி வந்தது. நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தேன்.

ஒரு கொத்தனார் பேசினார். புருவத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. முந்தாநாள் ரசத்தில் உப்பில்லை என்று மனைவியோடு சண்டை போட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பிராந்திக் கடை வரைக்கும் போய்விட்டாராம். "கடை வாசல்ல நின்னுக்கிட்டு யோசிக்கறேன். ரசத்துக்கு உப்பு இல்லைன்னா உப்புதானே வாங்கோணும்? பக்கத்துல மளிகைக் கடை இருந்துச்சு. ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். அவ கேக்கறா, இதுக்கா இவ்வளவு வேகமாப் போனீங்கன்னு." எல்லோரும் சிரித்தார்கள். குடியைப் பற்றி ஆண்கள் இப்படிச் சிரித்துப் பேசிக் கேட்டதெல்லாம் பாட்டில் முன்னால்தான். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடியது.

என் முறை வந்தது. பேச விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் எழுந்தேன். பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து உறை போட்ட ஒரு மெஷின் மேல் வைத்துவிட்டு, கையை நீட்டினேன்.

"இது என்னுங்க?" என்றார் கொத்தனார்.

"கயிறுங்க."

"அது தெரியுதுங்க. எதுக்கு?"

"இந்தக் கயிறு புதன்கிழமை அவுக்கோணும். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு கட்டி உட்டீங்கன்னா..."

பெரியவர் மெதுவாக, "இங்க பூசாரி யாரும் இல்லியே கண்ணு" என்றார்.

"எவ்வளவு நாளைக்குக் கட்டோணும்?" என்று கொத்தனார் கேட்டார்.

"ஆயுசுக்குங்க."

"ஆயுசுக்கா! இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் குடிக்காம இருக்கறதுக்கே எனக்கு நாக்குத் தள்ளுது. அது முடியட்டும். நாளைக்கு விடிஞ்சா நாளைக்குப் பார்த்துக்கலாம். ஆயுசுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூச்சப்படுகிறவனுக்குக் கோபம் வந்தால் குரல் நடுங்கும். "அப்பக் குடிச்சுட்டா யாருங்க தண்டிப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"யாரும் தண்டிக்க மாட்டோம். மறுவாரம் வந்து, குடிச்சேன்னு சொல்லோணும். அவ்வளவுதான்" என்றார் லாரி டிரைவர்.

அது எனக்கு முனியப்பனைவிடப் பெரிய தண்டனையாகப் பட்டது. சாமியிடம் மனதுக்குள் சொல்லிவிடலாம். இத்தனை பேர் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? கற்பூரத்தையும் கயிற்றையும் திரும்பப் பைக்குள் போட்டேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். வந்தது வீண் என்றுதான் நினைத்தேன்.

படியில் இறங்கும்போது கொத்தனார் பின்னால் வந்தார். "புதன்கிழமை அவுத்ததும் எங்கீங்க போவீங்க?"

"தெரியலீங்க."

"ரைஸ் மில்லுக்குப் பொறகால ஒரு ஊடு கட்டிட்டிருக்கறேன். புதன்கிழமை பூராவும் அங்கதான். மலையை உட்டு எறங்கி வந்துருங்க."

"வந்து?"

"வந்துருங்க. அப்புறம் பார்க்கலாம்."

புதன்கிழமை காலையில் மச்சினன் பைக்கில் வந்து ஹாரன் அடித்தான். மனைவி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கோயிலில் பூசாரி முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தார். இத்தனை மாதம் கயிறு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. "அமாவாசைக்கு வருவீங்கல்ல?" என்றார். மச்சினன், "வராம எங்க போறது சாமி, உங்களுக்கும் பொழப்பு ஓடோணுமே" என்றான். பூசாரியும் சிரித்தார்.

கோயிலுக்குப் பின்னால் பாறை இருக்கிறது. மச்சினன் அதன்மேல் துண்டை விரித்தான். முட்டை, மிக்சர், தண்ணீர் பாக்கெட், பாட்டில். பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி என்னிடம் நீட்டினான். "மூத்தவரு முதல்ல."

வாசனை வந்தது. வாயில் எச்சில் ஊறினதை நான் மறைக்கமாட்டேன். கப்பை வாங்கக் கை போய்விட்டது. அந்த நேரத்தில் சாமி நினைவுக்கு வரவில்லை, டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவில்லை. அந்த மாடியில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, குடித்தேன் என்று என் வாயால் சொல்வதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கை நின்றுவிட்டது. கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"சேந்தமங்கலத்துல ஒரு வேலை இருக்குது மாப்ள."

"இன்னிக்கா? அக்கா சொல்லி உட்டுச்சா?"

"இல்ல."

"அப்பக் கீழ கடையில தனியாப் போய்க் குடிக்கப் போறீங்களாக்கும்?" அவன் சிரிக்கவில்லை. "நான் ஒருத்தனா இங்க உக்காந்து குடிக்கறதா மாமா? சேந்துதானே கட்டுனோம்?"

நான் ரோட்டுக்கு ஓடினேன். பின்னாலிருந்து அவன் ஏதோ கத்தினான். பஸ் டிரைவர் எனக்காக நிறுத்தினார்.

வழியெல்லாம் கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன், உட்கார இடம் இருந்தும். சேந்தமங்கலத்தில் பிராந்திக் கடையைத் தாண்டித்தான் ரைஸ் மில்லுக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்கமாகப் போனேன். தாண்டின பிறகு திரும்பி நின்றேன். யாருக்கும் தெரியாது, ஒரே ஒரு குவாட்டர், என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ரோட்டில் அதே இடத்தில் முன்னும் பின்னுமாக நான் நடந்ததைப் பார்த்து ஒரு பூக்காரம்மா, "யாரைத் தேடறீங்க சாமி?" என்று கேட்டார். ரைஸ் மில் என்று சொன்னேன். அந்த அம்மா கையை நீட்டிக் காட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் காட்டின பக்கமே போக வேண்டியதாயிற்று.

கொத்தனார் சாரத்தின் மேல் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "சட்டையைக் கழட்டி அந்தக் கம்பியில மாட்டுங்க. செங்கல்லை நனைச்சு நனைச்சு மேல குடுங்க" என்றார்.

கலவை தூக்குகிற அம்மா ஒருத்தர் என்னைப் பார்த்தார். "என்னுங்க மேஸ்திரி, மலையில போய் ஆளு புடிச்சுட்டு வந்துட்டீங்களா? கல்லைக் கைப்புள்ளையாட்டம் தூக்கறாரு! இப்படித் தூக்குனா இந்த ஊட்டுக்குப் பேரப்புள்ளைதான் குடி வரும்."

"புது ஆளு. மெதுவாப் பழகுவாரு" என்றார் கொத்தனார்.

மனம் அமைதியானது என்று நான் எழுதமாட்டேன். ஆகவில்லை. ஒவ்வொரு கல்லைத் தூக்கும்போதும் பாறைமேல் இருந்த கப் ஞாபகம் வந்தது. கிளம்பிவிடலாம் என்று இரண்டு தடவை சட்டையை எடுத்துவிட்டேன். இரண்டு தடவையும் மேலே இருந்து, "கல்லு" என்று குரல் வந்தது. கல்லைக் கொடுத்தேன்.

பொழுது சாய்ந்ததும் கொத்தனார் கரண்டியைக் கழுவினார். "பஸ் ஏறுங்க" என்றார்.

"நாளைக்கு எப்படீங்க?"

"எனக்கும் அதேதான் தெரியலீங்க. ஞாயித்துக்கிழமை வந்து சொல்லுங்க."

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலுக்கு வந்தாள். என் கையைப் பார்த்தாள். சட்டையில் ஏதோ ஒட்டியிருப்பதைத் தட்டிவிடுகிற மாதிரி கிட்டே வந்து மூச்சை இழுத்தாள்.

"சிமெண்டு நெடி அடிக்குதுங்க" என்றாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், பல்வலி, கல்யாண நிலையம், மாடி, பாறை எல்லாம். இல்லாத பையனுக்குப் பெண் பார்த்ததைச் சொன்னபோது மட்டும் அவள் சிரித்தாள். அப்புறம், "தம்பி வந்து கத்திட்டுப் போனான். இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டானாம்" என்றாள். "சோறு போடறேன், வாங்க."

மறுநாள் வியாழக்கிழமை. மச்சினன் வரவில்லை. களத்தில் மிளகு காயப்போட்டோம். மத்தியானம் மேகம் போட்டதால் அள்ளி வைத்தோம். நான் குடிக்கவில்லை.